திரேதம்மாவுக்கு நகை ஆகாது

ஒஸ்லோவின் அம்மருட்டில் எட்டாம் மாடியில் குடியிருக்கும் புனித எத்தல்திரேதா, தன் கழுத்தில் யார் எந்த நகையைப் போட்டாலும் விடியுமுன் கழற்றிப் பக்கத்தில் இருக்கும் சில்வர்த் தட்டில் வைத்துவிடுவாள். லிஃப்ட் அடிக்கடி பழுதாகும் என்பது தெரிந்திருப்பதைப் போல, புளொக்கில் எல்லோருக்கும் இதுவும் தெரியும். கழற்றும்போது கொளுவியை உடைக்க மாட்டாள், சங்கிலியைச் சிக்காக்க மாட்டாள். வட்டமாகச் சுருட்டி, பதக்கம் நடுவில் வரும்படி வைப்பாள். நகைக்கடைக்காரர்கூட இவ்வளவு வடிவாக வைப்பதில்லை என்று ட்வெய்ட்டா பக்கத்திலிருந்து வருகிற ராசமலர் சொல்லுவாள். நகைக்கடைகளைப் பற்றி ராசமலர் சொன்னால் அதற்கு மறுபேச்சில்லை.

புனிதை நோர்வேக்கு வந்தது ஒரு கலியாணத்தின் புண்ணியத்தில். மரியரஞ்சனி மன்னார் பேசாலையில் பிறந்தவள், அம்மருட்டில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள். புருஷன் யேசுரட்ணம் ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டுகிறவர். சித்தப்பா மகளின் கலியாணத்துக்கென்று இரண்டு பேரும் லண்டன் போனார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஒரு மைதானத்தில் ஆட்கள் கார்களின் பின்கதவைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தார்கள். பழுதான டோஸ்டருக்கும் மேசை விளக்குக்கும் நடுவில் ஒரு முழ உயரத்தில் மரச் சுரூபம் ஒன்று நின்றது. தலையில் கிரீடம், அதற்குக் கீழே கன்னியாஸ்திரியின் முக்காடு, ஒரு கையில் புத்தகம், மறு கையில் தடி. மாதா தடி பிடிப்பதில்லை என்பது மரியரஞ்சனிக்குத் தெரியும். குழந்தை தெரேசாள் என்றால் ரோசாப்பூ இருக்க வேண்டும். யாரோ ஒரு மடத்துத் தலைவி என்று தீர்மானித்துக்கொண்டு, யாரென்று விசாரிக்காமலே வாங்கினாள். காரணம் அந்த முகம். வேலை முடிந்து வந்து இன்னும் கதிரையில் உட்காராத பெண்ணின் முகம் அது. கலியாணச் சேலையில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தார், சுரூபத்தைப் பார்த்தார், சுரூபமும் அவரைப் பார்த்தது, பெட்டியை மூடி நல்ல நாளாக அமையட்டும் என்று அனுப்பிவிட்டார்.

அந்த வருஷம் தை மாதம், வெளியில் பனி முழங்கால் அளவுக்குக் கிடந்தபோது, புனிதையின் கையிலிருந்த தடி துளிர்த்தது. கீழ் மாடியில் இருக்கும் மேரின்தான் அதை முதலில் சரியாகப் பார்த்தாள். அவள் நோர்வேக்காரி, குடியிருப்புச் சங்கத்தின் தலைவி, கார் நிறுத்தும் இடம் பற்றி ஏதோ கதைக்க வந்தவள். கண்ணாடியைப் போட்டு இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது ஆஸ்க் மரம் என்றாள். நாடு முழுக்க ஆஸ்க் மரங்களுக்கு நோய் பிடித்திருக்கிறது, இது மட்டும் நல்ல சுகமாக இருக்கிறது என்று பாராட்டினாள். பால்கனிக்கு வெளியே கொப்பு நீட்டக்கூடாது, அது சங்கத்தின் விதி என்பதையும் மறக்காமல் சொல்லிவிட்டுப் போனாள். அன்று தொடக்கம் மரியரஞ்சனி கறிவேப்பிலை நறுக்குகிற கத்தரிக்கோலால் அளவாக வெட்டிவிட்டு வந்தாள்.

சுரூபம் ஒன்று வீட்டுக்கு வந்தால் ஆட்கள் வரத்தானே செய்வார்கள். முதலில் தமிழ்ப் பூசைக்கு வருகிற பெண்கள் சனிக்கிழமைகளில் செபமாலை சொல்ல வந்தார்கள், பிறகு அவர்களுடைய சிநேகிதிகள். ராசமலர் சைவம், ஆனால் உதவி செய்கிற சாமி எந்தப் பக்கத்துச் சாமி என்று விசாரிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அவளுடைய மகன் பிரவீணன் கார் ஓட்டுகிற சோதனையில் திரும்பத் திரும்பக் கோட்டைவிட்டுக்கொண்டிருந்தான். இந்த முறை பாஸ் பண்ணினால் இந்த மதருக்கு ஒரு சங்கிலி போடுகிறேன் என்று நேர்ந்தாள். அவன் பாஸ் பண்ணினான். அவளும் சொன்ன சொல் தவறாமல் வந்து சங்கிலியைப் போட்டு, கும்பிட்டுவிட்டுப் போனாள். விடியப் பார்த்தால் சங்கிலி தட்டில் கிடந்தது. கேட்டதைக் கொடுத்துவிட்டுக் கொடுத்ததை வாங்காத சாமியை எங்கள் சனம் அதுவரை கண்டதில்லை.

உண்மைக் காரணம் ஒருவருக்கும் ஓடவில்லை. சங்கிலி மெல்லிசு, அதுதான் மதருக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினார்கள். அடுத்தவள் தடிப்பான அட்டியல் ஒன்றைப் போட்டாள், அது தட்டுக்கு வந்தது. நோர்வேக் கடைத் தங்கம் பதினாலு கரட், அதை யார் மதிப்பார்கள் என்று சொல்லி இன்னொருத்தி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பதக்கச் சங்கிலியைப் போட்டாள், அதுவும் வந்தது. கணினி வேலைக்கு வந்திருந்த தூத்துக்குடிக் கரோலினா, எங்கள் பேச்சில் பாதி விளங்காமல் மூன்று பேரிடம் திருப்பிக் கேட்டு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, எங்க ஊர் முத்துன்னா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க என்று முத்துமாலையோடு வந்தாள். காலையில் முத்துமாலை தட்டில் பால்போலச் சுருண்டு கிடந்தது. கடைசியில் தமிழ்ப் பூசை வைக்கிற சுவாமியையே அழைத்தார்கள். அவர் எதற்கும் பார்ப்போம் என்று தன்னுடைய மரச் செபமாலையைப் போட்டுப் பார்த்தார். மறுநாள் அதுவும் தட்டில், சிலுவை நடுவில். சுவாமி மரியரஞ்சனி சுட்ட ரோல்ஸில் இரண்டை எடுத்துக்கொண்டு, இந்த மாதிரி விஷயங்களில் திருச்சபைக்கு அவசரம் கிடையாது, எனக்கும் கிடையாது என்றார்.

இதற்கிடையில் மரியரஞ்சனியின் கழுத்தில் ஒரு வீக்கம் வந்திருந்தது. தொடக்கத்தில் புளியங்கொட்டை அளவு. நோர்வேயில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு திரிந்தாலும் ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், அதனால் காதும் காதும் வைத்த மாதிரி காலத்தை ஓட்டினாள். அது தேசிக்காய் அளவுக்கு வந்து, சோறு விழுங்க முடியாமல் தண்ணீரோடு இறக்கத் தொடங்கியபோதுதான் மகள் நிலூஜா கண்டுபிடித்தாள். நிலூஜா ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்து, பிசியோதெரபி படித்து, ஆட்களின் கழுத்தையும் முதுகையும் பிடித்துவிட்டுச் சம்பளம் வாங்குகிறவள். அவளிடம் கழுத்தை மறைக்க முடியுமா? டாக்டர், படம், ஊசி என்று அலைந்து, கடைசியில் பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்: வெட்டி எடுக்க வேண்டும், ஆறப்போட்டால் உயிருக்கு ஆபத்து. பிறகு தாதி வந்து, அன்றைக்குக் கழுத்தில் எந்த நகையும் இருக்கக்கூடாது என்றும் சொன்னாள்.

மரியரஞ்சனி அதோடு ஒற்றைக் காலில் நின்றுவிட்டாள். கழுத்தில் இருந்தது தாலிக்கொடி, சிலுவை பொறித்தது, கலியாணம் முடிந்த நாளிலிருந்து ஒரு பொழுதும் இறங்காதது. புருஷன் உயிரோடு இருக்கும்போது அதைக் கழற்றுவது எப்படி? இது வெறும் பிடிவாதம் என்று நினைத்தவர்களுக்கு விஷயம் தெரியாது. அவளுடைய தாய் மன்னார் ஆஸ்பத்திரியில் ஒரு சத்திர சிகிச்சைக்காகத் தாலியைக் கழற்றிக் கொடுத்த அன்று, தகப்பன் கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. தாய் கண் விழித்துத் தாலியைக் கேட்டபோது கொடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை. அந்தக் கட்டிலின் பக்கத்தில் நின்ற பிள்ளை மரியரஞ்சனி. யேசுரட்ணத்தில் அவளுக்கு அவ்வளவு உயிர். தன் உயிரையும் அவருடையதையும் ஒரு தராசில் வைத்து, அவர் பக்கமே தாழட்டும் என்று விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரி கொடுத்த நாளைத் தொலைபேசியில் தள்ளிப்போட்டாள், அடுத்த நாளையும் தள்ளிப்போட்டாள். தாலிக்கு மேலாலை வெட்டச் சொல்லு என்று மகளிடம் சொன்னாள். நிலூஜா அழுதாள், கத்தினாள், நோர்வேஜிய மொழியில் ஏசினாள், பிறகு தமிழில் கெஞ்சினாள், ஒன்றும் எடுபடவில்லை.

போக்கிடம் இல்லாமல் ஒரு நாள் நிலூஜா சுரூபத்தைத் தூக்கி அடியைப் பார்த்தாள். அங்கே பெயர் வெட்டியிருந்தது. இத்தனை நாளும் மதர், மதர் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் சனத்தில் ஒருவருக்கும் அடியைப் பார்க்கிற யோசனை வரவில்லை. அன்று மாலைக்குள் நிலூஜா கதை முழுவதையும் வாசித்துவிட்டாள். சனிக்கிழமை எல்லோரும் கூடியிருக்கும்போது சொன்னாள். எத்தல்திரேதா ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்தின் கிழக்கே ஒரு ராசாவின் மகள். கடவுளுக்கென்று இருக்க ஆசைப்பட்டவளை இரண்டு தரம் கட்டிக்கொடுத்தார்கள். முதல் புருஷன் அவள் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுத்து, சீக்கிரம் செத்தும்போனார். இரண்டாவது ஆள் அவளைவிடச் சின்னப் பெடியன், ராசாவான பிறகு விடமாட்டேன் என்று படையோடு துரத்தினான். அவள் ஏறி நின்ற பாறையைச் சுற்றிக் கடல் பொங்கி வற்றாமல் நின்றது, அவன் கரையில் நின்று பார்த்துக் களைத்துத் திரும்பிப் போனான். வழியில் தடியை ஊன்றிவிட்டுப் படுத்தாள், எழும்பினால் அது மரம். விலாங்கு மீனுக்குப் பேர்போன ஒரு சதுப்புத் தீவில் மடம் கட்டி, ஆண்களும் பெண்களும் அடங்கிய அந்த மடத்துக்குத் தலைவியாக இருந்தாள். கம்பளி உடுப்பு மட்டும் போட்டாள். பெருநாளுக்கு முதல் மட்டும் சுடுதண்ணியில் குளித்தாள், அதுவும் மற்றச் சகோதரிகளை எல்லாம் குளிப்பாட்டிவிட்டுக் கடைசியாக.

இந்த இடத்தில் பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள், வீட்டில் எல்லோரும் குளித்து முடித்த பிறகு சுடுதண்ணி மிச்சமிருந்தால் குளிக்கிறவர்கள்தானே அவர்களும். நிலூஜா தொடர்ந்தாள். கடைசியில் அவளுக்குக் கழுத்தில் ஒரு வீக்கம் வந்தது. மற்றவர்கள் அழுதபோது அவள் சந்தோஷப்பட்டாள். சின்ன வயதில் ஆசைக்குப் போட்ட மாலைகளின் பாரம் இது, இப்போது இறங்குகிறது என்றாள். வைத்தியர் வெட்டினார், ஆனாலும் அவள் பிழைக்கவில்லை. பல வருஷம் கழித்து அவளுடைய அக்கா சவப்பெட்டியைத் திறந்தபோது அவள் நித்திரைபோலக் கிடந்தாள், வெட்டின காயம் ஆறி ஒரு மெல்லிய கோடாக இருந்தது. நிலூஜா தாயைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, அவவுக்கும் கழுத்திலைதான்."

மரியரஞ்சனிதான் முதலில் வாய் திறந்தாள், அதுவும் சுரூபத்தைப் பார்த்து. நகை ஆகாதென்றால் எங்களுக்கு முதலே சொல்லியிருக்கலாமே என்று குறைப்பட்டாள். அவ சொல்லிக்கொண்டுதானே இருந்தவ, நாங்கள்தான் கூடக்கூடப் போட்டனாங்கள் என்றாள் ராசமலர். எல்லோரும் சிரித்தார்கள், வெட்கத்தோடுதான். அதன் பிறகு அவள் எங்களுக்குத் திரேதம்மா ஆனாள், ஒருவரும் நகை கொண்டுவரவில்லை. விஷயம் கேள்விப்பட்ட மேரின் சாம்பல் நிறத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கம்பளிச் சால்வை பின்னிக் கொடுத்தாள், அது மட்டும் புனிதையின் கழுத்திலேயே கிடந்தது. பிறகு நேர்த்திக்கு எல்லோரும் கம்பளி பின்னத் தொடங்கினார்கள். காப்பகத்துப் பிள்ளைகளுக்கு அந்த மாரிகாலம் போதும் போதும் என்கிற அளவுக்குத் தொப்பியும் கையுறையும் கிடைத்தன. ஆனால் மரியரஞ்சனியின் கழுத்தில் தாலி அப்படியே இருந்தது, வீக்கமும் இருந்தது.

பங்குனியில் ஒரு காலை அவள் எழும்பிக் கழுத்தைத் தடவினாள், தாலி இல்லை. தட்டில் கிடந்தது, வட்டமாக, சிலுவை நடுவில். புனிதை அதுவரை தன் கழுத்தைத் தவிர வேறு ஒருவருடைய கழுத்திலும் கை வைத்ததில்லை. மரியரஞ்சனி போட்ட சத்தத்தில் யேசுரட்ணம் முகத்தில் பாதிச் சவர்க்கார நுரையோடு ஓடிவந்தார். அவர் உயிரோடு நிற்பதைக் கண்டு அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள், பிறகு தாலியை எடுத்துப் போட்டுக்கொண்டாள், இன்றைக்கு வேலைக்குப் போக வேண்டாம் என்றாள். ட்ராம் ஓட்ட ஆளில்லாமல் நகரம் நின்றுவிடுமே என்று அவர் போனார். பின்னேரம் எப்போதும் போலப் பசியோடு திரும்பி வந்தார்.

மறுநாளும் தாலி தட்டில். அதற்கு மறுநாளும். படுக்கைக்குப் போகுமுன் கொளுவியை நூலால் கட்டிப் பார்த்தாள். காலையில் நூல் வேறாக, கொடி வேறாக இருந்தன. யேசுரட்ணம் முதலில் கொஞ்சம் பயந்தார்தான், மனிதர்தானே, சிவப்பு விளக்கில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். ஆனால் நாளுக்கு நாள் அவர் சுகமாகத் திரும்பி வந்தார், ஒரு தடிமன் காய்ச்சல்கூட வரவில்லை, கொஞ்சம் தொந்தியும் வைத்தது. மரியரஞ்சனி முதல் கிழமை கண் விழித்த கையோடு பதறிப் பதறிப் போட்டாள். அடுத்த கிழமை தேத்தண்ணி குடித்துவிட்டுப் போட்டாள். பிறகு வேலைக்குப் போகும் அவசரத்தில் மறந்து, பின்னேரம் வந்து போட்டாள். சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை தட்டில் கிடந்ததை ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெளிக்கிடும்போதுதான் கண்டாள். கண்டதும் கட்டிலில் இருந்துவிட்டாள். யேசுரட்ணம் பக்கத்தில் வந்து இருந்தார். அவர் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை.

"ரஞ்சி, நான் உன்ரை கழுத்திலை தொங்கிக்கொண்டிருக்கேல்லை. ட்ராம் ஓட்டிக்கொண்டிருக்கிறன். நீ போனால் நான் ஆருக்காக வீட்டை வாறது?"

திங்கட்கிழமை மகளிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்கு எழுதுவித்தாள். அவர்கள் யூன் மாதம் இருபத்துமூன்றாம் தேதி என்று நாள் கொடுத்தார்கள். அது நோர்வேக்காரர் கடற்கரையில் நெருப்பு மூட்டிக் கோடையைக் கொண்டாடுகிற நாள். அது திரேதம்மாவின் திருநாளும்கூட. ஆஸ்பத்திரியில் அது ஒருவருக்கும் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை.

நாள் நெருங்க நெருங்கப் பயம் பழையபடி வந்து குந்திவிட்டது. தாலி இல்லாமல் வீட்டில் இருப்பது ஒன்று, மயக்கத்தில் கிடப்பது இன்னொன்று. தாயின் கட்டிலும் தாய் நீட்டிய கையும் கண்ணுக்குள் வந்தன. சத்திர சிகிச்சைக்குப் போகவேண்டிய அன்று விடிய எழும்பினாள், கழுத்தில் தாலி இல்லை, சரி என்று தட்டைப் பார்த்தாள், தட்டிலும் இல்லை. அலுமாரி, தலையணை, கட்டிலுக்கு அடியில், தொட்டியில் எல்லாம் தேடினாள். நிலூஜா குப்பைப் பையைக் கொட்டித் தேடினாள். இந்த நாளில் தாலி தொலைவதென்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நினைத்த மரியரஞ்சனி, நான் போகமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சத்தத்தில்தான் யேசுரட்ணம் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பி வந்தார். பெனியனுக்குள் ஏதோ மினுங்கியது. தாலிக்கொடி அவருடைய கழுத்தில் கிடந்தது, கொளுவி ஒழுங்காகப் பூட்டி, சிலுவை நெஞ்சுக்கு நேரே.

அவர் குனிந்து பார்த்துவிட்டு, களவெடுத்தவர்போல முழித்துக்கொண்டு கொளுவியில் கை வைத்தார். மரியரஞ்சனி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"கழட்டாதேங்கோ," என்றாள். "நான் உயிரோடை இருக்குமட்டும் நீங்கள் கழட்டக்கூடாது."

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது, பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். பிறகு முகம் கழுவி, வெறுங்கழுத்தோடு காரில் ஏறினாள். ஆஸ்பத்திரி நடையில் யேசுரட்ணம் சேர்ட்டுக்கு மேலே கையை வைத்துத் தாலியைப் பொத்திக்கொண்டு இருந்தார். கோப்பி வேண்டுமா என்று மகள் கேட்டதற்கும் அந்தக் கையை எடுக்கவில்லை. அவருக்கு அவ்வளவு பயமாக இருந்தது. இத்தனை வருஷமும் தன் பெண்சாதி ஒவ்வொரு நாளும் எப்படிப் பயந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மத்தியானம் கடந்து வைத்தியர் வந்து, முழுவதும் எடுத்தாயிற்று, நல்லபடி முடிந்தது என்றார். மரியரஞ்சனி கண் விழித்தபோது குரல் காற்றாகத்தான் வந்தது. போட்டிருக்கிறீங்களோ என்று கேட்டாள். ஓம் என்று சேர்ட்டுப் பொத்தானைத் திறந்து காட்டினார்.

மறுநாள் கட்டுப் பிரித்த தாதி, காயம் பழைய தழும்புபோல ஒரு மெல்லிய கோடாக இருப்பதைக் கண்டு வைத்தியரைக் கூப்பிட்டாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காயம் ஆறுவது திருப்தி என்று எழுதி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். கோடை முடியுமுன் குரலும் திரும்பி வந்தது, சோறும் தண்ணீர் இல்லாமல் இறங்கியது. தாலியைத் திருப்பிப் போடலாம் என்று ஒன்றிரண்டு தரம் பார்த்தாள், விடிந்தால் அது யேசுரட்ணத்தின் கழுத்தில்தான் இருந்தது. பிறகு இரண்டு பேரும் அந்த வேலையை விட்டுவிட்டார்கள். ட்ராம் பணிமனையில் டானியல் என்ற சிநேகிதன் ஒருத்தன் இது என்ன என்று கேட்டான், பெண்சாதியுடையது என்றார், நோர்வேக்காரன் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. சுவாமி கண்டும் காணாத மாதிரி இருக்கிறார். அம்மருட்டில் வேறு சில புருஷன்மாரும் காலையில் கண்ணாடிக்கு முன்னால் போனால் முதலில் கழுத்தைத் தடவிப் பார்க்கிறார்கள் என்று ராசமலர் சொல்லித் திரிகிறாள்.

கனடாவிலிருந்து வீடியோவில் கூப்பிடுகிற சொந்தக்காரப் பெண்கள்தான் பாவம். மரியரஞ்சனியின் வெறுங்கழுத்தைக் கண்டு திடுக்கிட்டு, எப்படிக் கேட்பதென்று தெரியாமல், யேசு அண்ணை என்று இழுப்பார்கள். அவள் ஃபோனைக் குசினிப் பக்கம் திருப்புவாள். அங்கே யேசுரட்ணம் பெனியனோடு நின்று முட்டை பொரித்துக்கொண்டிருப்பார், கழுத்தில் கொடி.

"அவர் போட்டிருக்கிறார்," என்பாள். "நான் இருக்கிறன்தானே."